தூக்கிக் கட்டிய கம்பம்

சரக்குகள் எங்கும் தடையின்றிப் போகலாம் என்று அரசு அறிவித்த நாளில், எல்லைச் சோதனைச்சாவடியின் குறுக்குக் கம்பத்தை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டுக் காவலர்கள் போய்விட்டார்கள். தன் முன்னே ஒரு வண்டியாவது நின்று பணியாதா என்று கம்பம் அன்று முதல் ஏங்கியது.

ஒரு காலையில், தக்காளி ஏற்றிய கிழட்டு லாரி ஒன்று வந்து நின்றது.

“போகலாமே,” என்றது கம்பம், மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு.

“நீங்கள் எழுந்ததும் போகிறேன், ஐயா.”

“எழுந்துதானே நிற்கிறேன்?”

“ஒருமுறை இறங்கி எழுந்தால்தான் என் சக்கரம் உருளும். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தானே பழக்கினீர்கள்?”

பின்னால் வந்த குட்டி வேன் ஒன்று சிரித்தது. “என்ன அண்ணே, கும்பிட்டது போதாதா? சந்தை கலைந்துவிடும்,” என்று சொல்லி, ஓரமாகக் கடந்து விரைந்தது.

அது போன சாலையை லாரி வெகுநேரம் பார்த்தது. “எனக்கும் அங்கே போக ஆசைதான்,” என்றது.

கம்பம் இறங்க முயன்றது. கயிறு புதியது, இறுக்கமாகவும் கட்டியிருந்தார்கள்.

வெயில் ஏறியது. இரண்டும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன. லாரியின் அடியிலிருந்து தக்காளிச் சாறு சொட்டத் தொடங்கியது.