குருசடி நகர் ஃபீடர்

திரையில் ஒரே ஒரு வரி சிவப்பாகியிருந்தது.

அவள் மென்பொருளை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அதே வரி. அதே சிவப்பு.

மின் கட்டுப்பாட்டு மையத்தில் அந்த மென்பொருளுக்கு இருப்பது ஒரே வேலை. ஒவ்வொரு மின்தடத்தையும் கற்பனையில் அறுத்துப் பார்ப்பது. இது போனால் மீதி தாங்குமா? அது போனால்?

நாள் முழுக்க அது தாங்கும், தாங்கும் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது மேலவனூர் தாங்காது என்றது.

அந்த ஊருக்கு மூன்று தடங்கள். ஒன்றில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காலையிலிருந்தே பழுது வேலை. கோபுரத்தின் மேல் ஆட்கள் இருந்தார்கள். மீதி இரண்டும், வடக்கும் தெற்கும், சித்திரை வெயிலின் சுமையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றில் வடக்குத் தடம் போனால் முழுச் சுமையும் தெற்கின் மேல் சரியும். தெற்கும் போகும். பிறகு ஊரில் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், எல்லாம்.

போனால்.

பக்கத்து ஊர் வழியாகக் கொஞ்சம் சுமையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை.

இனி ஒரே வழிதான். ஊரின் ஒரு பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

அவள் கை போனுக்குப் போய்த் திரும்பியது.

போன வாரமும் இப்படித்தான் ஓர் ஊரில் நிறுத்தச் சொன்னாள். எந்தத் தடமும் போகவில்லை. வெயிலில் வெந்தவர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். "கம்ப்யூட்டர் பயமுறுத்துது, நீங்க பயப்படறீங்க" என்றார் மேலதிகாரி. எல்லோர் முன்னாலும்.

திரையில் சுமை இன்னும் ஏறியது.

அவள் போனை எடுத்தாள்.

மேலவனூர் துணை மின்நிலையத்தில் லூர்துசாமி எடுத்தார். குரலில் மட்டுமே தெரிந்தவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்.

"சார், வடக்கு லைன் போச்சுன்னா உங்க டவுன் மொத்தமும் போயிடும். இப்பவே கொஞ்சம் லோடு குறைக்கணும்."

"போச்சுன்னாதானே மேடம்?"

"ஆமா சார். போச்சுன்னாதான்."

அவர் குரலுக்குப் பின்னால் மின்மாற்றியின் முனகல் கேட்டது.

என்ன சொல்லி நம்ப வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடக்காத ஒன்றுக்கு என்ன சாட்சி காட்ட முடியும்?

"வேற வழி பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் சார். இல்ல."

"அப்ப சரி. குருசடி நகருக்குப் போற ஃபீடர் லைனை ஆஃப் பண்ணிடறேன்."

"அங்க ஆஸ்பத்திரி எதுவும்..."

"இல்ல மேடம். வீடுங்கதான். என் வீடும் அங்கதான் இருக்கு. திட்டுனா தெரிஞ்சவங்க வாயால திட்டு வாங்கிக்கறேன்."

சிவப்பு வரி மஞ்சளானது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தும் முதுகு தளரவில்லை.

நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் வந்து, ஆறி, ஆடை படிந்தது. குருசடி நகரில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறும் கைகளை நினைத்தாள். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிடலாமா? மேலதிகாரி இரண்டு முறை கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது மணி அலறியது.

வடக்குத் தடம் போய்விட்டது.

தடத்துக்குக் கீழே வயலில் காய்ந்து கிடந்த கரும்புச் சோகைக்கு யாரோ தீ வைத்திருக்கிறார்கள். புகையும் தழலும் கம்பி வரை எழும்பிவிட்டன. இது பிறகு தெரிந்தது.

அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தெற்குத் தடத்தின் எண் மட்டும்தான். அது ஏறியது. இன்னும் ஏறியது. எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே வந்து தடுமாறியது.

நின்றது.

அவள் மூச்சு விட்டாள். மேலவனூரில் குருசடி நகரைத் தவிர எங்கும் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. எது வந்துவிட்டுப் போனது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஒருவருக்குத் தெரியும்.

அவரே கூப்பிட்டார்.

"மேடம்... போச்சு." பிறகு, "ஆனா போகல" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

வெயில் இறங்கும்போது கோபுரத்திலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். மூன்றாவது தடம் உயிர் பெற்றது. தீயும் அணைந்திருந்தது. அவள் முதல் வேலையாக மேலவனூரைக் கூப்பிட்டாள்.

"சார், குருசடி நகருக்குக் குடுத்துடலாம்."

"இதோ மேடம்."

"வீட்டுல ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்களா?"

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டியாந்தோம். புள்ளைக்கு வெக்கை தாங்கல போல, கத்திக்கிட்டே இருக்கான்னு மூணு நாலு தடவ போன் பண்ணிட்டா."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா வேற ஏரியா கேட்டிருப்பீங்க. அங்கயும் புள்ளைங்க இருக்குமில்ல."

போனில், தொலைவில் சுவிட்ச் போடும் கனத்த சத்தம் கேட்டது. திரையில் குருசடி நகரின் சுமை எழுந்தது.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் இந்தப் போனைக் கீழே வைக்காமலே இன்னொரு போனில் வீட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

"காத்து வருதாம்மா?"

மறுமுனையின் பதில் இவளுக்குக் கேட்கவில்லை.

குழந்தையின் அழுகையும் கேட்கவில்லை.

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.