முன்வரிசைக்கு ஒரு துண்டு

“ரெண்டு வடை காணும் உங்களுக்கு. தட்டை வையுங்கோ.”

மூன்றாவது வடைக்கு நீண்ட கையை யோகநாதன் இழுத்துக்கொண்டார். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு வந்த இந்தப் பத்து நாளில் அவருடைய மனைவி ‘போதும்’ என்பதற்குச் சொன்ன ‘காணும்’களை எண்ணினால் முந்நூறு தேறும். சோறு காணும். சீனி காணும். கதைச்சது காணும்.

“இஞ்சேரும், கச்சேரி முடிய எத்தினை மணியாகும்?”

“முடியேக்கை முடியும். நாளைக்குப் பிளேன். நான் சகானா ராகம் கேக்காமல் ஏறமாட்டன். போன வருசம் ஒஸ்லோவிலை இதே மனுசன் சகானாவைத் தொடங்க, ஆரோ கழிவறைக்குள்ளை சிகரெட் பத்தி, நெருப்பு மணி அடிச்சு, முழுச்சனமும் பனிக்குள்ளை நிண்டது. ஞாபகம் இருக்கோ?”

அந்த ‘ஆரோ’ தலையைக் குனிந்துகொண்டார்.

“இண்டைக்கு நீங்கள் இருமக்கூடாது. தும்மக்கூடாது. மணிக்கூட்டைப் பார்க்கவும் கூடாது.”

வெள்ளவத்தையில் அந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த பெறாமகள் ரூபிகா முன்வரிசையில் ஒரே ஓர் இடம்தான் பிடித்துவைத்திருந்தாள். மனைவி அங்கே போய் மேடைக்கு நேர் கீழே அமர்ந்தார். யோகநாதனுக்குக் கடைசி வரிசை. பக்கத்தில் இஸ்ஸதீன். இருவரும் ஒருகாலத்தில் ஒரே வங்கியில் வேலை பார்த்தவர்கள். கச்சேரி முடிந்ததும் இவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப்போகத்தான் இஸ்ஸதீன் காரோடு வந்திருந்தார்.

சென்னையிலிருந்து வந்த பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு மணித்தியாலம் கழிந்தது. அடுத்த மணித்தியாலமும் கழிந்தது.

“மச்சான்,” என்று இஸ்ஸதீன் காதுக்குள் கேட்டார். “இவரு அந்த ஒரே வரிய ஒன்பதாந்தரமும் பாடுறாரு. மறந்துட்டாரா?”

“அது சங்கீதம், இஸ்ஸதீன்.”

“அப்படியா? நான் சீடி இறுகிட்டுதாக்கும் எண்டு நினைச்சேன். ஊட்டுல இருந்து பொஞ்சாதி லுத்பியா மூணு தரம் கோல் எடுத்துட்டா. புரியாணி ஆறுதாம்.”

புரியாணி என்றதும் யோகநாதனின் வயிறு மிருதங்கத்தை விடக் கொஞ்சம் பலமாகவே பேசியது. முன்னாலிருந்த அம்மா திரும்பி முறைத்தார்.

“மதினிக்கு ஒரு கோல் எடு.”

“போனை நிப்பாட்டிப்போட்டா. எடுத்தாலும் எனக்குத்தான் கிழி விழும்.”

“அப்ப ஒரு துண்டு எழுதி அனுப்பு. எல்லாரும் எழுதுறாங்கதானே.”

உண்மைதான். பாடகர் ஒரு பெரிய உருப்படியை முடித்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டுச் சனங்கள் எழுதிய துண்டுகள் கை மாறிக் கை மாறி முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தன.

யோகநாதன் நிகழ்ச்சி நிரலில் ஓரத்தைக் கிழித்தார். பேனையை எடுத்தார். எப்படித் தொடங்குவது? ‘இஞ்சேரும்’ என்று எழுதினால் முன்வரிசையில் இருக்கும் பன்னிரண்டு மனைவிமாரும் திரும்பிப் பார்ப்பார்கள். யோசித்தார். இரண்டே இரண்டு சொல் எழுதினார். நான்காக மடித்து முன்னால் இருந்த அம்மாவிடம் நீட்டினார்.

“முன்வரிசைக்கு.”

பிறகு மனைவியின் கொண்டையையே பார்த்தபடி இருந்தார். கொண்டை திரும்பவில்லை.

மேடையில் தம்புரா மீட்டியவர் சுருதியைச் சரிபார்த்தார். பாடகர் தொண்டையைச் செருமினார். மனைவி கதிரை நுனிக்கு வந்துவிட்டார் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. பாடகர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கையிலிருந்த துண்டுகளை ஒரு முறை பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வயலின்காரரிடம் ஏதோ சொன்னார். சபைக்குக் கைகூப்பிவிட்டு மங்களம் பாடத் தொடங்கினார்.

மங்களம் பாடினால் கச்சேரி முடிந்தது என்பது இஸ்ஸதீனுக்கே தெரியும். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கார்ச் சாவியை எடுத்தார்.

வாசலில் சனம் கொதித்தது. “இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு, ஏன் முடிச்சவர்?” என்று ஒருவர் ரூபிகாவைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தெரியாது என்று கையை விரித்தாள்.

மனைவி வந்தார். கண் சிவந்திருந்தது.

“மேடைக்கே போய்க் கேட்டனான். ‘சகானா பாடத்தானேம்மா சுருதி சேர்த்தேன், அதுக்குள்ள சபாக்காரங்க சீட்டு வந்துடுச்சு’ எண்டார். குழுவிலை ஒருத்தரும் எழுதேல்லையாம்.”

“எந்த அறிவுகெட்டவன் செய்த வேலை இது!” என்று யோகநாதன் உரிய கோபத்தோடு சொன்னார். புரியாணி நிச்சயமானதால் கோபம் நன்றாகவே வந்தது. “ஆளைப் பிடிச்சு நாலு பேச்சுக் குடுக்கவேணும்.”

“ஓம், குடுக்கத்தான் வேணும். ‘உங்க ஊர்த் தமிழே அழகும்மா, நேரமாச்சுன்னு சொல்றதைக்கூட எவ்வளவு நாசூக்கா எழுதியிருக்காங்க’ எண்டு சொல்லி, இதை என்ரை கையிலை தந்தவர்.”

நான்காக மடித்த துண்டு. இஸ்ஸதீன் வாங்கி விரித்துச் சத்தமாக வாசித்தார்.

“மங்களம் காணும்.”

வாசித்துவிட்டு யோகநாதனைப் பார்த்தார். “மச்சான், இது ஓண்ட எழுத்து மாதிரி ஈக்கி...”

மனைவி துண்டைத் திருப்பி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

“முப்பத்தாறு வருசமா ‘இஞ்சேரும், இஞ்சேரும்’ எண்டு கூப்பிட்ட மனுசனுக்கு, இண்டைக்குத்தானா என்ரை பேர் ஞாபகம் வரவேணும்?”