படத்தின் இடது ஓரம்

மஞ்சள் சேலையைத் தேடினாள்.

ஊர்ச் செய்தியாளர் அனுப்பிய படம் திரை முழுக்க விரிந்திருந்தது. சிப்பித்துறை மாதா கோயில் கொடியேற்றம். நடுவில் கொடியைத் தாங்கிய பங்குத்தந்தை. சுற்றிலும் கூட்டம். கடற்காற்றில் ஒருவர் தலைமுடியும் ஒழுங்காக இல்லை.

இடது ஓரத்தில் கிடைத்தாள் ஜெசிந்தா. கையில் பிள்ளை.

அப்பாடா என்றிருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அந்த வருடம் பிறந்த பிள்ளைகளைக் கொடியேற்றத்துக்குத் தூக்கி வருவார்கள். கொடி மேலே போகும் முன் அதன் நுனியைப் பிள்ளையின் நெற்றியில் ஒற்றுவார் பங்குத்தந்தை. பிள்ளையைத் தூக்கி நிற்பது தகப்பன்மார் வேலை.

படத்தில் வரிசையாக மீசைகள். கடைசியில் ஒரு மஞ்சள் சேலை.

ஜெசிந்தாவின் புருஷன் அமலன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அவன் ஏறிப் போனபோது பிள்ளை வயிற்றில். இன்னும் முகம் பார்க்கவில்லை.

போன வாரம் இந்தச் செய்தித் தளத்தின் டெல்லி அலுவலகத்துக்கு ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தது இவள்தான்.

“அக்கா, அவுக கப்பல்ல போட்டோ கீட்டோ எதுவும் போவாதாம். நெட்டுல ஒங்க நியூசு மட்டுந்தான் தொறக்குமாம். எங்கூருக் கொடியேத்தத்தப் போடுவியளாக்கா? நான் பிள்ளைய வச்சிக்கிட்டு முன்னால நிப்பேன். மஞ்ச சேல.”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வாய்க்கு என்ன, சொல்லிவிடும். இது உலகச் செய்தித் தளம். போரும் தேர்தலும் பூகம்பமும் வருகிற இடம். அதில் சிப்பித்துறைக் கொடியை யார் ஏற்ற விடுவார்கள்?

தமிழ்ப் பிரிவின் ஆசிரியர் சிதம்பரநாதன் விடமாட்டார். ஊர்ச் செய்தி எது வந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

“டொரண்டோவுல இருக்கறவனுக்கு இது எதுக்கும்மா?”

காலைக் கூட்டத்திலும் அதையே கேட்டார்.

“இன்னிக்குக் கொடியேத்தம் போட்டா, நாளைக்குக் காதுகுத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை.

போன் வந்ததைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. ஒருவருக்காக ஒரு செய்தி போடுவது இங்கே நடக்காத காரியம். பிள்ளையின் நெற்றியில் கொடியை ஒற்றுகிற வழக்கத்தை மட்டும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

அரை மனதோடு விட்டுக்கொடுத்தார். பக்கத்தின் அடியில். ஒரே ஒரு படம். மாலை ஆறு மணிக்கு எடுத்துவிட வேண்டும்.

போட்டாள்.

பெரிய திரையில் சரிபார்த்தாள். கொடி, பங்குத்தந்தை, மீசைகள், மஞ்சள் சேலை, பிள்ளையின் முகம். எல்லாம் இருந்தன. மனம் நிறைந்து சாப்பிடப் போனாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள்.

திரும்பி வந்தபோது செய்தியின் கீழே ஒரு வாசகர் கருத்து காத்திருந்தது.

“போன்ல பாக்கேன். படம் இடது ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு. பிள்ள காலு மட்டுந்தான் தெரியிது. கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? அமலன், கப்பலிலிருந்து.”

போனில் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. எல்லாப் படத்தையும் போனில் பார்த்துவிட்டுப் போடுகிறவள், இந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எடுத்துப் பார்த்தாள்.

நடுவில் கம்பீரமாகக் கொடி. ஓரத்தில் ஒரு குட்டிப் பாதம். அதில் வெள்ளித் தண்டை.

அத்தனை தூரத்தில் ஒருவன் இந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“என்னம்மா அது?”

சிதம்பரநாதன் பின்னால் நின்றிருந்தார். கருத்தைப் படித்தார். முழுப் படத்தையும் திறக்கச் சொன்னார். மீசைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், மஞ்சள் சேலையில் நின்றுவிட்டார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. போன் வந்ததைச் சொன்னாள். கப்பலைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திட்டு விழக் காத்திருந்தாள்.

“எந்திரி.”

எழுந்தாள். அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். படத்தை வெட்டும் கட்டத்தைப் பிடித்து இடது பக்கம் இழுத்தார்.

முழங்கால் வந்தது.

இழுத்தார். மூடிய கை ஒன்று வந்தது. கொடியில் பாதி போனது.

இன்னும் இழுத்தார்.

முகம் வந்தது. அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் முகம்.

கொடி போயே போய்விட்டது.

“சார், தலைப்பு கொடியேற்றம்னு இருக்கு.”

“இருக்கட்டும்.”

தன் போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகுதான் எழுந்தார்.

அதற்கப்புறம் இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அதாவது, பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு தேர்தல் முடிவு வந்தது. எங்கோ ஒரு மந்திரி பதவி விலகினார். அவள் நடுநடுவே சிப்பித்துறைக்குப் போய்வந்தாள்.

வெகுநேரம் கழித்து ஒரு கருத்து விழுந்தது.

“தெரியிது.”

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

ஆறு மணி ஆனது.

“சார், எடுத்துடவா?”

சிதம்பரநாதன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“டொரண்டோக்காரன் இப்பத்தாம்மா எந்திரிச்சிருப்பான். அவனும் பாக்கட்டும்.”