உருளைக்கிழங்கு சாலட் யார் பண்ணினது?

"இந்த உருளைக்கிழங்கு சாலட் யார் பண்ணினது?"

மிசிசிப்பியில எங்க கறுப்பு ஜனங்க சபையில, ஞாயிறு ஆராதனை முடிஞ்சு சாப்பாட்டு மேசைக்கு வந்தா முதல் கேள்வி இதுதான். பதில் தெரியாம யாரும் கரண்டியைத் தொட மாட்டோம். பத்துக் கட்டளையைக்கூட அப்பப்போ மீறுவோம். இதை மீற மாட்டோம்.

"நீலக் கிண்ணம் எர்லீன் அம்மா பண்ணினது. வெள்ளைக் கிண்ணம்..." பக்கத்துல நின்ன ரோஷெல் குரலைத் தாழ்த்தினாள். "வெர்னெல்!"

வெள்ளைக்கு நீட்டின என் கை தானா நீலத்துக்குத் திரும்பிடுச்சு.

போன வாரம் வெர்னெல் சபை நடுவில எழுந்து, தனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சாட்சி சொல்லிட்டா. புருஷன் கொடுத்துட்டுப் போனதாம். விட்டு விட்டுக் காய்ச்சல்னு ரெண்டு வருஷம் டவுன் டாக்டர்கிட்ட நடந்திருக்கா. "உடம்பைக் குறைம்மா"ன்னே அனுப்பியிருக்கார் மனுஷன். அவ வேலை செய்யற வீட்டு வெள்ளைக்கார அம்மாவுக்கு ரெண்டே நாள் காய்ச்சல். அதே டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை விடாம எழுதிக் கொடுத்தாராம்!

நாங்க ரொம்ப அன்பானவங்க. "ஆமென்" சொன்னோம், அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதோம். அப்புறம் வரிசையா போய்க் கை கழுவிக்கிட்டோம்.

"சாப்பாட்டுல ஒட்டாதுன்னு நம்ம சபைக்கு வந்த நர்ஸ் சொன்னாளேடி?"ன்னேன்.

"அப்போ நீ சாப்பிடேன், பார்ப்போம்!" ரோஷெல் சீறினாள். "நம்ம டீக்கன் ஹோசியா மாதிரி கௌரவமா நிமோனியாவுல போனா நாலு பேர் மதிப்பாங்க. இதெல்லாம் ஒரு வியாதியா, சீ!"

சபைக் காரியங்களைப் பார்த்துக்கிட்ட டீக்கன் ஹோசியா, எர்லீன் அம்மாவோட காலமான வீட்டுக்காரர். சுவர்ல பெரிய படத்துல சிரிச்சுக்கிட்டிருந்தார். இந்தக் கூடத்துக்கே அவர் பேர்தான்.

நீலக் கிண்ணம் காலியாகப் போற நேரம், வெள்ளைக் கிண்ணத்துல ஒரு கரண்டி குறையலை. வெர்னெல் அதைத் தன் பக்கம் இழுத்தாள். காகிதத்தைப் போட்டு மூடிக் கையில எடுத்துக்கிட்டாள்.

"நான் வரேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

நாங்க நீலக் கிண்ணத்தோட அடியைச் சுரண்டறதுல மும்முரமா இருந்தோம். ரோஷெல்தான் பெரிய மனசு பண்ணி, "ஆமா, நல்லா ஓய்வெடும்மா"ன்னாள்.

"வெர்னெல், அதைக் கீழே வை!"

எர்லீன் அம்மா. விறுவிறுன்னு வந்து காகிதத்தைப் பிரிச்சு, தட்டு நிறையப் போட்டுக்கிட்டாங்க.

"ஐயோ அம்மா! இந்த வயசுல ஒட்டிக்கிட்டா?" ரோஷெல் அலறினாள்.

"எனக்கு இனிமே புதுசா என்னடி ஒட்டணும்?"

கைப்பையிலேருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில வச்சாங்க.

"பதினோரு வருஷமா தினம் ஒண்ணு. படத்துல சிரிக்கிறாரே, அவர் கொடுத்துட்டுப் போன சீர். நிமோனியாவாம், நிமோனியா!"

ரோஷெலோட கரண்டி பாதி வழியில நின்னுடுச்சு. அழுதுக்கிட்டு நின்ன வெர்னெலுக்கு எர்லீன் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.

"உட்காரும்மா. நீ சொன்னதை நான் அப்பவே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரலை."

அப்புறம் ரோஷெல் பக்கம் திரும்பினாங்க.

"நீ ஏன்டி நிறுத்திட்டே? பதினோரு வருஷமா என் கைச் சாப்பாடுதானே, இன்னிக்கு மூணாவது தடவை போட்டுக்கிட்டது உட்பட? சாப்பிடு!"