முடி வெட்டாத சீசன்

"அந்த இருபத்திரண்டாம் நம்பர் பையன் கோல் போட்டா, உடனே அவன் மட்டையைச் சோதிக்கச் சொல்லுங்க கோச். அது செல்லாத மட்டை."

கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் தன் பெஞ்சுக்குப் பின்னால் வந்து கிசுகிசுத்த பெண்மணியை, கிரீன்பரி பள்ளியின் கோச் ரஸ்ஸோ மேலும் கீழும் பார்த்தார். மேரிலாந்து மாநில அரையிறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடம்தான் பாக்கி, அவருடைய அணிக்கு ஒரே ஒரு கோல் முன்னிலை.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க யாரு?"

"அவனோட அம்மா."

ரஸ்ஸோ வாயிலிருந்த சூயிங்கத்தை விழுங்கிவிட்டார்.

அந்தப் பெண்மணி மார்னியைத் தப்பாக நினைக்க வேண்டாம். மகன் கிரிஃபின் மேல் அவளுக்கு உயிர். ஆனால் அவன் ஆடும் ஹார்வுட் பள்ளியின் லாக்ரோஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து வீசும் ஆட்டம்) அணிக்கு ஒரு பாழாய்ப்போன சபதம் உண்டு. சீசனில் முதல் தோல்வி வரும்வரை ஒருத்தனும் தலையில் கத்தரி வைக்கக் கூடாது.

மற்ற வருடங்களில் இரண்டாவது வாரமே தோற்றுவிட்டு, ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த வருடம் பார்த்து ஜெயித்துத் தொலைத்தார்கள். மார்ச்சிலேயே காதை மூடியிருந்த முடி, மே மாதம் ஹெல்மெட்டுக்கு வெளியே தோளில் புரண்டது. காலையில் கிரிஃபின் சாப்பிடக் குனிந்தால் கிண்ணத்துப் பாலை முதலில் அதுதான் குடித்தது.

சனிக்கிழமை மகள் பேஜுக்குக் கல்யாணம். "இந்தப் பரட்டைத் தலையோட அவன் சர்ச்சுக்குள்ள வந்தான்னா நான் மோதிரமே மாத்த மாட்டேன்மா. போட்டோ காலத்துக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள், மார்னியின் மகள் அல்லவா.

மார்னிக்கு வழி காட்டியவனே கிரிஃபின்தான். மேட்ச் அன்று காலை முள்கரண்டியால் தலையைச் சொறிந்துகொண்டே, மட்டை நுனியில் இருக்கும் வலைப்பையின் கயிறுகளை அவிழ்த்துத் தளர்த்தினான்.

"பாரும்மா, பந்து எவ்வளவு ஆழமா இறங்குது! விளிம்புக்குக் கீழ போனா தப்பு. எதிர் டீம் கோச் சோதிக்கச் சொன்னா, போட்ட கோல்கூடச் செல்லாது. ஆனா யாரு போய்ச் சொல்லப்போறாங்க!"

அவனை அழைத்துப்போக வந்த பையன்களும் அன்றைக்கு ரொம்ப மரியாதை. எப்போதும் நேராக ஃபிரிட்ஜைத் திறக்கிற கோல்கீப்பர் வைலி, வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றினான்.

"மேட்சுக்குக் கண்டிப்பா வாங்க, மிஸஸ் ஹட்சின்ஸ். கிரீன்பரி பெஞ்சுக்குப் பின்னாடி உக்காருங்க. அங்கதான் நிழலு."

எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று மார்னி உருகிப்போனாள். அந்த நிழலில் உட்கார்ந்து மனசாட்சியோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். கடைசியில் கல்யாணம்தான் ஜெயித்தது.

ஆட்டத்தின் கடைசி விநாடிகள். கிரிஃபின் இரண்டு பேரை ஏய்த்து, உடம்பை வளைத்து, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வீச்சு வீசினான். பந்து கோலுக்குள் போய் விழுந்தது.

கல்லூரி அணிகளுக்கு ஆள் பொறுக்க வந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்னியும் தன்னை மறந்து "என் ராஜா!" என்று கத்திவிட்டாள். அப்புறம் ஞாபகம் வந்து, ரஸ்ஸோவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ரஸ்ஸோ நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் வலைப்பையில் பந்தைப் போட, கிணற்றில் கல் விழுந்த மாதிரி அது இறங்கியது. கோல் ரத்து. ஹார்வுட் தோற்றது.

ஹார்வுட் கோச் தொப்பியைத் தரையில் எறிந்து மிதித்தார். பையன்கள் அத்தனை பேரும் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க நின்றார்கள். அதைப் பார்த்த மார்னி தொப்பியை முகத்துக்கு இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

முடிவெட்டும் கடைக்குக் காரை ஓட்டும்போது அவளால் தாங்க முடியவில்லை. "டேய், நான்தான்டா உன்னைப் போட்டுக்கொடுத்தேன். பெத்த தாய் செய்யற வேலையாடா இது?" என்று அழுதேவிட்டாள். கிரிஃபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடைக்காரர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். "வாங்க வாங்க, ஹார்வுட் டீம்தானே? மத்த பசங்க வந்துட்டே இருக்காங்க. டீம் மொத்தத்துக்கும் காலையிலேயே போன் பண்ணி இடம் பிடிச்சுட்டாங்களே!"

மார்னி மெல்ல மகன் பக்கம் திரும்பினாள். "காலையிலேயேவா? மேட்ச் சாயங்காலம்தானேடா?"

கிரிஃபின் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "எல்லாருக்கும் தலை அரிக்குதும்மா. சபதத்தை மீற முடியாது. காலேஜ்காரங்க பாக்கும்போது மோசமா ஆடித் தோக்கவும் முடியாது. அதான், மட்டையைக் காட்டினா யாரோட அம்மா போட்டுக்கொடுப்பாங்கன்னு டீம்ல ஓட்டெடுத்தோம்."

"யார் யார் பேருடா வந்துச்சு?" கேட்டாள் மார்னி.

"ஒரே பேருதாம்மா."