யாரு பார்க்கப் போறா?

"நேத்தும் உன் வீட்டுக்காரர் டாக்சி இங்கதான்டி நின்னுச்சு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

பழைய வீட்டு மாடிக்காரம்மா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், அடுப்பில் இருந்த பாலை அவள் மறந்தே போனாள்.

"அங்க அவருக்கு என்னக்கா வேலை?"

"அத நீதான் கேக்கணும். நீங்க காலி பண்ண வீட்டுக்கு ஒரு பொண்ணு தனியா குடி வந்துச்சே, தபால் வந்தா அனுப்பச் சொல்லி நீகூட புது அட்ரஸ் குடுத்துட்டுப் போனியே, அதுதான். இவரு கேட்டைத் திறந்துக்கிட்டு சொந்த வீடு மாதிரி உள்ள போறார். திரும்பும்போது அது தெருமுனை வரைக்கும் கூடவே வந்து அனுப்பி வைக்குது. ஒரு நாள்னா பரவாயில்ல..."

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

புது வீட்டுக்கு வந்ததிலிருந்தே மனுஷன் சரியில்லை. எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு 'மேப்' என்றே பெயர். அப்பேர்ப்பட்டவர் தினமும் லேட்டாக வருகிறார். கேட்டால் "டிராஃபிக்" என்று ஒற்றை வார்த்தை.

ஒன்றை மட்டும் தவறாமல் கேட்பார், லைசென்ஸில் அட்ரஸ் மாற்றியாச்சா என்று. போனில் விண்ணப்பம் போடுகிற வேலையெல்லாம் அவளுடையது.

அன்றைக்கும் இருட்டின பிறகுதான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த லைசென்ஸ் என்னாச்சும்மா?"

"இப்ப அதுக்கு என்ன அவசரம்?"

"வீடு மாறினா மாத்தியே ஆகணும். சட்டம். போலீஸ் புடிச்சா ஃபைன் போடுவான்."

"இத்தனை வருஷத்துல எந்த போலீஸ் உங்களை நிறுத்தியிருக்கான்? யாரு அதை எடுத்துப் பார்க்கப் போறா?"

அவர் சட்டைப்பையைத் தடவினார். பர்ஸில் இருக்கவேண்டிய லைசென்ஸ் இப்போதெல்லாம் அந்தப் பையில்தான் கிடந்தது.

அவளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"சட்டம் பேசுறீங்களே, பழைய வீட்டுக்குப் போய் தினமும் என்ன பண்றீங்க? யாருங்க அவ?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. தெருமுனை வரைக்கும் வந்து அனுப்பி வைக்கிறாளாமே!"

"நல்ல பொண்ணும்மா. தினமும் வழி சொல்லி அனுப்பும், ஒரு நாள்கூட சலிச்சுக்கிட்டதில்ல."

"கேக்கவே நல்லா இருக்கு! என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இந்த வீட்ட விட்டுட்டு அங்க எதுக்குப் போறீங்க?"

அவர் லைசென்ஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எடுத்து எடுத்து அதன் ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. பழைய வீட்டுக் கதவு எண், பழைய தெருப் பெயர்.

"யாரு பார்க்கப் போறான்னு கேட்டியே..." அவர் குரல் உடைந்தது.

"இதப் பார்த்துத்தாம்மா நான் வீட்டுக்கு வர்றேன்."