மீதி நாளைக்கு

"மீதி நாளைக்கு" என்று படக்கதைப் புத்தகத்தை மூடினார் பெயின்டர்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு பக்கம்தானேப்பா!"

"நாளைக்குக் கண்ணு."

ஆறு வயது மகளின் முகம் சுண்டிப்போனது. பக்கத்துக் கட்டிலில் சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாளா, இரண்டு நாளா? பதினோரு நாளாக இதே கூத்து.

நாலு மணிக்குப் பார்வையாளர் மணி அடித்ததும் முதல் ஆளாக வந்து நிற்பார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த பெயின்ட். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிப்பார்.

மழை வெள்ளத்தில் வீட்டைப் பிரிந்த ஒரு எலிக்குஞ்சின் கதை அது. பழைய ஷூவுக்குள் ஒரு ராத்திரி, தொப்பிக்குள் ஒரு ராத்திரி, தபால் பெட்டிக்குள் ஒரு ராத்திரி. ஒவ்வொரு இடத்திலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீடு மாதிரி வருமா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிளம்பிவிடும். அவர் உறிஞ்சிக் காட்டுகிற அழகில் வார்டே சிரிக்கும்.

கடைசிப் பக்கம் வந்ததும் டப்பென்று மூடிவிடுவார். குழந்தைக்கு எட்டாத அலமாரி உச்சியில் வைத்துவிட்டுத்தான் போவார்.

தாய் இல்லாத பிள்ளை. இவரை விட்டால் அதற்கு யார்? அன்று நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் மடக்கினாள்.

"ஏங்க, தெரியாமத்தான் கேக்கறேன். அந்த ஒரு பக்கத்தைப் படிச்சா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரிய டாக்டர் உங்ககிட்ட சொன்னப்ப நானும்தான் ஃபைலோட நின்னேன். ஆக்சிஜன் குழாயை எடுக்கவே முடியாது, ரெண்டு வாரம் தாங்கினாலே பெருசுன்னு சொன்னாரில்ல? அதுக்கப்புறமும் அந்தப் பச்சப்பிள்ளைகிட்ட ஒரு பக்கத்தை ஒளிச்சு வைக்க எப்படிங்க மனசு வருது?"

"அதனாலதான் சிஸ்டர்..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே திரும்பி விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

'பதில் சொல்ல வாய் இருந்தால்தானே!' என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ்.

மறுநாள் குழந்தைக்குப் பால்கூட இறங்கவில்லை. மூன்றரை மணிக்குக் கண்ணைத் திறந்து, "நர்ஸ் அக்கா, நீங்களாவது படிங்களேன்" என்றது.

அவள் யோசிக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தாள்.

படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். எலிபோலக் கீச்சுக் குரலில் பேசினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் குழந்தையின் மடியில் விரித்து வைத்தாள்.

சின்னக் கதவு. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே அம்மா எலி. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி.

"எலிக்குஞ்சு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது!"

குழந்தை அந்த ஜன்னலை விரலால் தடவிப் பார்த்தது. பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அதன் முகத்தில் வந்தது. நர்ஸுக்கு மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயம். இதுக்குக்கூடத் துப்பில்லாத மனுஷன்!

"நர்ஸ் அக்கா, கட்டிலுக்கு அடியில என் செருப்பு இருக்கு. எடுத்துக் குடுங்க."

"எதுக்குடா செல்லம்?"

குழந்தை மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்த குழாயைக் கழற்றப் போனது. நர்ஸ் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

பார்வையாளர் மணி அடித்தது. படியில் அவசரமாக ஏறிவரும் காலடிச் சத்தம் கேட்டது.

"விடுங்க அக்கா, அப்பா வந்துட்டாரு! கதை முடியற அன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு."